இத்தனை வயதில் எதற்கு என்பவர்களுக்கு

“நாற்பது வயசாச்சு. வேலை இருக்கு, பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க. இனிமே ஆட்டிசம்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” வளர்ந்த ஆள் ஒருவர் தமக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று வாய்திறந்து கேட்டுவிட்டால் நம் வீடுகளில் வரும் பதில் இது. மருத்துவரிடம் போனால் இதையே கொஞ்சம் ஆங்கிலம் கலந்து சொல்லி அனுப்புவார். அக்கறையும் அனுபவமும் சேர்ந்த பேச்சு போலக் காதில் விழும். எனக்கு இது யோசிக்க மறுக்கிற பேச்சாகவே படுகிறது. இதற்குப் பின்னால் நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை கையோடு வந்துவிடும். ஒன்றிரண்டு வராது, அவற்றுக்கும் வருகிறேன்.

முதலில் முத்திரை. “இந்த வயசுல எதுக்கு ஒரு லேபிளை ஒட்டிக்கணும்?” என்கிறார்கள், அந்த ஆள் மேல் இதுவரை லேபிளே இல்லாதது போல. பள்ளியில் உம்மணாமூஞ்சி. கல்லூரியில் மண்டைக்கனம் பிடித்தவன். அலுவலகத்தில் அனுசரித்துப்போகத் தெரியாதவர். விசேஷ வீட்டில், வந்தவர்களை வாங்க என்றுகூடக் கேட்கத் தெரியாத ஜென்மம். பெண்ணாக இருந்தால் அழுத்தக்காரி, ராங்கிக்காரி. இந்தப் பெயர்களை வைக்க யாரும் பரிசோதனை கேட்கவில்லை, வைத்த பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. முப்பது வருடம் இவற்றைக் கேட்டே வளர்ந்தவர் கடைசியில் தாமே நம்பத் தொடங்குகிறார்: நான் அன்பில்லாதவன், சுயநலக்காரன், எல்லாரும் சுலபமாகச் செய்வதை வேண்டுமென்றே செய்யாதவன்.

சூசன் பாயிலைப் பலருக்கும் நினைவிருக்கும். 2009இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் போட்டியில் பாடி, சில நாட்களில் உலகம் முழுக்கத் தெரிந்துபோன ஸ்காட்லாந்துப் பெண். பிறக்கும்போது ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்டதாக அவரைப் பற்றிச் சொல்லப்பட்டிருந்தது. அந்த விளக்கத்தோடும், பள்ளிப் பிள்ளைகளின் கேலியோடும் அவர் வளர்ந்தார். ஐம்பதைக் கடந்த பிறகு, 2012இல், ஆட்டிசக் குடும்பத்தைச் சேர்ந்த அஸ்பெர்கர் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மறு ஆண்டு அதை வெளியே சொன்னபோது நிம்மதி கிடைத்ததாகவே பேசினார். அரை நூற்றாண்டு அவர் சுமந்ததுதான் தவறான லேபிள். 2012இல் வந்தது அதன் திருத்தம்.

“சரி, இதுக்கு மருந்தே கிடையாதே, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?” மருந்து கிடையாது என்பது உண்மை. நிறக்குருட்டுக்கும் கிடையாது. அதற்காக, ஒருவர் தமக்கு அது இருப்பது தெரியாமலே சிக்னலில் நின்று தடுமாறட்டும் என்று யாரும் சொல்வதில்லை. மேலும், ஆட்டிசம் என்று தெரியாமலே வளர்ந்தவர்கள் மருந்தே சாப்பிடாமலும் இருப்பதில்லை. மனச்சோர்வு, பதற்றம், ஓசிடி, ஆளுமைக் கோளாறு என்று வெவ்வேறு பெயர்களில் வருடக்கணக்காக மாத்திரை எடுத்தவர்கள் இவர்களில் ஏராளம். அந்தப் பிரச்சினைகள் பொய் என்று சொல்லவில்லை. அவை எதன் மேல் முளைத்தன என்பது தெரியாமல் தரப்படும் சிகிச்சை எப்படி இருக்கும் என்று பாருங்கள். “வீட்டிலேயே அடைஞ்சு கிடக்காதீங்க, வெளிய போங்க, நாலு பேரோட பழகுங்க” என்பது மனச்சோர்வுக்கு வழக்கமான, பலருக்குப் பலனும் தரும் அறிவுரை. ஆனால் ஒருவரை அந்த நிலைக்குத் தள்ளியதே நாள் முழுக்க நாலு பேரோடு பழகியதுதான் என்றால்? ஓய்வும் தனிமையும் தேவைப்படுகிறவரைக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டு, ஒத்துழைக்காத நோயாளி என்று குறிப்பெழுதுவார்கள்.

பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2012இல் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென்றே ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்காக மனநோய் மருந்தோ மனச்சோர்வு மருந்தோ தராதீர்கள் என்று அது சொல்கிறது. கூடவே இருக்கும் பதற்றத்துக்கும் சோர்வுக்கும் பேச்சுச் சிகிச்சை தரும்போது முறையை மாற்றுங்கள் என்றும் சொல்கிறது: சுற்றிவளைக்காமல் நேராகப் பேசுங்கள், எழுதிக் காட்டுங்கள், உருவகம் பேசாதீர்கள், இடையிடையே ஓய்வு கொடுங்கள். எதற்கு மருந்து, எதற்கு இல்லை, எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அடிப்படை தெரிந்தால்தான் முடிவாகும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. கேம்பிரிட்ஜில் உள்ள ஒரு மருத்துவ மையத்தில் பெரியவர்களான பிறகு அஸ்பெர்கர் கண்டறியப்பட்ட 374 பேரிடம் கேட்டு 2014இல் வெளியான ஆய்வில், 66 சதவீதத்தினர் வாழ்நாளில் எப்போதாவது தற்கொலையை எண்ணியதாகவும், 35 சதவீதத்தினர் அதற்குத் திட்டமிட்டதாகவோ முயன்றதாகவோ சொன்னார்கள். ‘இத்தனை நாள் சமாளிச்சாச்சே’ என்கிற ஆறுதல் வார்த்தைக்கு அடியில் என்ன நடந்திருக்கிறது என்பதை இந்த எண்கள் சொல்லும்.

அடுத்து வருவது ஏளனம். “இப்போ எல்லாருக்கும் ஆட்டிசம்தான். இன்ஸ்டாகிராம் பாத்துட்டு வந்து சொல்றாங்க.” இந்த ஏளனத்துக்குத் துணையாக ஒரு புள்ளிவிவரம் உண்டு. பிரிட்டனில் 1998க்கும் 2018க்கும் இடையே புதிதாகப் பதிவாகும் ஆட்டிசம் கண்டறிதல்கள் 787 சதவீதம் கூடின. குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம் வேகம் அதிகம். இதைக் கையில் வைத்துக்கொண்டு மோகம் என்பவர்கள், அதே நாட்டின் இன்னொரு கணக்கைத் தொடுவதில்லை. 2007இல் இங்கிலாந்தில் வீடுவீடாகப் போய் நடத்திய மனநலக் கணக்கெடுப்பில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் பேசினார்கள்; அவர்களில் ஒரு பகுதியினரை நேரில் முழுமையாக மதிப்பிட்டார்கள். நூற்றில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்பது முடிவு. முதியவர்களிடம் குறைவு, இளைஞர்களிடம் அதிகம் என்கிற வித்தியாசம் தென்படவில்லை. இப்படி இனங்காணப்பட்டவர்களில் எவருக்கும் அதுவரை தமக்கு ஆட்டிசம் என்று தெரியாது. நேரில் உறுதியானவர்களின் எண்ணிக்கை சிறியதுதான், அதை வைத்து நுணுக்கமாக எதுவும் கணக்கிட முடியாது. ஆனாலும் இன்ஸ்டாகிராம் தொடங்கியது 2010இல். அதற்கு முன்பே இந்த மனிதர்கள் தங்கள் வீடுகளில் இருந்தார்கள்.

ஏன் யாருக்கும் தெரியவில்லை என்பதற்கும் விடை இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஆட்டிசம் தனிப் பெயரோடு ஏறியதே 1980இல்தான், அதுவும் குழந்தைப் பருவ ஆட்டிசம் என்று. நன்றாகப் பேசுகிற, படிக்கிற ஆளுக்கும் இது இருக்கலாம் என்று அஸ்பெர்கரைச் சேர்த்தது 1994இல். எல்லாவற்றையும் ஒரே நிறமாலையாக இணைத்தது 2013இல். சத்தம், வெளிச்சம், தொடுகை ஆகியவற்றின் மீதான அதீத உணர்வு அளவுகோல்களில் இடம்பிடித்ததும் அப்போதுதான். 1978இல் திருநெல்வேலிப் பக்கம் பிறந்த ஒரு பையனை எண்ணிக்கொள்ளுங்கள். அவன் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை, அவனுக்கு இருப்பதற்கு அந்தக் கையேட்டிலேயே சரியான இடம் கிடையாது. டெல்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பு தொடங்கியது 1991இல். அவனுடைய கணக்கு வாத்தியாருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? சிறு வயதில் கண்டுபிடிக்க முடியாத காலத்தில் பிறந்துவிட்டு, பெரியவரான பிறகு கேட்பவரைப் பார்த்து ‘சின்ன வயசுலயே தெரிஞ்சிருக்குமே’ என்பது அநியாயம்.

இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் தட்டிவிட்டு முடிவுகட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஐம்பது கேள்விப் பட்டியலேகூட மேலோட்டமாக வடிகட்டுவதற்குத்தான் பயன்படும். அதில் அதிக மதிப்பெண் வாங்கியதால் மட்டும் ஆட்டிசம் என்று ஆகிவிடாது. ஏடிஎச்டி, சமூகப் பதற்றம், சிறுவயதில் பட்ட அடி ஆகியவையும் வெளியிலிருந்து பார்க்க இதே மாதிரி இருக்கும். ஆனால் இந்த ஆட்சேபம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கவனியுங்கள். சுயமாக முடிவுகட்டுவது தவறு என்றால், முறையாகப் பார்த்துச் சொல்லக்கூடியவரிடம் போ என்பதுதானே அடுத்த வாக்கியம்? ‘கூகுளை நம்பாதே, டாக்டரிடமும் போகாதே’ என்றால் அந்த ஆள் என்னதான் செய்வது?

இனி, நம் ஊரில் மிக வலுவாக நிற்கும் வாதத்துக்கு வருவோம். “கல்யாணம் ஆகி, குழந்தை குட்டியோட, நல்ல வேலையில இருக்கிறவருக்கு ஆட்டிசமா?” இப்படிக் கேட்பவர்கள் ஆட்டிசத்தின் வரலாற்றில் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. 1943இல் மனநல மருத்துவர் லியோ கேனர் தம் கட்டுரையில் விவரித்த பதினொரு குழந்தைகளில் முதலாமவர் டொனால்ட் ட்ரிப்லெட், மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். அவர் கல்லூரியில் படித்தார், உள்ளூர் வங்கியில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாக ஊர் ஊராகச் சுற்றினார், 2023இல் 89 வயதில் இறந்தார். ஆட்டிசம் என்று பெயர் சூட்டப்பட்ட முதல் ஆளே இப்படி வாழ்ந்திருக்கிறார். அவருக்கு ஆட்டிசம் ‘போய்விட்டது’ என்று யாரும் சொல்லவில்லை. குடும்பத்துக்கு வசதி இருந்தது, வங்கி அம்மா வழிக் குடும்பத்தோடு தொடர்புடையது, ஊர் அவரை அவர் போக்கிலேயே ஏற்றுக்கொண்டது. வாழ்க்கை ஓடிவிட்டது.

நம் ஊரிலும் ஓடும், ஒரு கட்டம்வரை. நம் குடும்ப அமைப்பு இதை மறைப்பதில் கெட்டி. பெண் பார்ப்பது, பேசி முடிப்பது எல்லாம் பெரியவர்கள் பாடு. பையன் தானாக ஒரு பெண்ணிடம் போய் நாலு வார்த்தை பேசிப் பழகியாக வேண்டும் என்கிற தேர்வே அவனுக்கு வருவதில்லை. கல்யாணத்துக்கு முன் அம்மா, பின் மனைவி. சொந்தக்காரர்களுக்குப் போன் பேசுவது அவள், துக்கம் விசாரிக்கப் போவது அவள், மொய் எழுதுவது, பக்கத்து வீட்டோடு சண்டை வராமல் பார்த்துக்கொள்வது, ‘அவருக்குக் கூட்டம் ஒத்துக்காது, தப்பா நெனைச்சுக்காதீங்க’ என்று வாசலில் நின்று சமாதானம் சொல்வது எல்லாம் அவள். ‘அவரு அப்படித்தான்’ என்கிற இரண்டு சொல்லில் ஒரு மனுஷியின் முழுநேர வேலை ஒளிந்திருக்கிறது. அவள் நோய்வாய்ப்பட்டால், அம்மா இறந்துபோனால், வேலை வேறு ஊருக்கு மாறினால், இருபது வருடம் கணினியோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவரைத் திடீரென்று பன்னிரண்டு பேருக்கு மேலாளர் ஆக்கினால், அப்போது தெரியும் எது எதன் மேல் நின்றது என்று. அமெரிக்கக் கையேட்டின் அளவுகோலும் இதைத்தான் சொல்கிறது: அடையாளங்கள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் சமூகம் கேட்பது ஒருவரின் சக்தியை மீறும்வரை அவை முழுதாக வெளியே தெரியாமலும் போகலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் கிடக்கலாம்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பேசாத பெண் அடக்கமான பெண்; கண்ணைப் பார்த்துப் பேசாதவள் குனிந்த தலை நிமிராதவள். எது அடையாளமோ அதற்கே பாராட்டுப் பத்திரம். எப்போது சிரிக்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அக்கா தங்கையைப் பார்த்து மனப்பாடம் செய்து தேறியவள், திருமணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போனதும் தத்தளிக்கிறாள். சமையலறைச் சத்தம், நாள் முழுக்க ஓடும் டிவி, சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளி, வேறு கைப்பக்குவம், பூட்ட முடியாத அறை. அவள் ஒரு நாள் பாத்திரத்தைத் தூக்கி எறிந்தால் பேய் பிடித்ததா, பிறந்த வீட்டு வளர்ப்பா என்பதுதான் விவாதம். ஆட்டிசம் ஆண்களுக்கே வரும் என்று நெடுநாள் நம்பிய மருத்துவ உலகமும் அவளுக்கு உதவவில்லை. நான்குக்கு ஒன்று என்று சொல்லிவந்த ஆண் பெண் விகிதம், முறையான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரையில் மூன்றுக்கு ஒன்றாக நெருங்கியது. பெண்களைத் தேடாத இடத்தில் அவர்கள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

சுலபத்தில் தள்ள முடியாத ஆட்சேபம் ஒன்று, பேசாத, இரவில் தூங்காத, இருபது வயதிலும் குளிப்பாட்டிவிட வேண்டிய பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரிடமிருந்து வருகிறது. “என் மகனுக்கு இருப்பதும், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் உங்களுக்கு இருப்பதும் ஒன்றா?” என்று அவர்கள் கேட்கும்போது அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுகிறவர்களுக்கு ‘ஆழ்ந்த ஆட்டிசம்’ என்று தனிப் பெயர் வேண்டும் என 2021இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையமே பரிந்துரைத்தது. பெயரைப் பிரித்துக்கொள்ளட்டும், உதவியை அளவு பார்த்து, அதிகம் தேவைப்படுகிறவருக்கு முதலில் கொடுக்கட்டும். ஆனால் நம் ஊரில் பெரியவர்கள் இந்தச் சந்தேகத்துக்கு வந்து சேரும் வழி எது என்று அந்தப் பெற்றோருக்கே தெரியும். பிள்ளைக்குப் பார்க்கப் போன இடத்தில் நீட்டிய கேள்வித்தாளை நிரப்பும்போது அப்பா பேனாவை நிறுத்திவிட்டு, “இதெல்லாம் நானும் செய்வேனே” என்பார். ஐந்து நாடுகளில் இருபது லட்சம் பேரை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் வருவதில் ஏறத்தாழ 80 சதவீதப் பங்கு மரபணுவுக்கு என்று மதிப்பிட்டது. அந்த அப்பா தம்மைத் தெரிந்துகொள்வதால் மகனிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. ‘நீ வளர்த்த லட்சணம்’ என்று மனைவியைத் திட்டுவதை நிறுத்துவார் என்றால் மகனுக்கு அதுவும் லாபம்.

பயப்பட வேண்டியவை இல்லையா? இருக்கின்றன. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் மனக்கோளாறும் விவாகரத்துக்கு ஒரு காரணம். அதற்கான விளக்கம் அகலமாக எழுதப்பட்டிருக்கிறது. கசந்துபோன கல்யாணத்தில் மருத்துவ அறிக்கை ஆயுதமாகலாம். பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழவே முடியாத அளவுக்குத் தீவிரம் இருப்பதை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே சொல்லிவிட்டது, ஆனாலும் வழக்கு வழக்குதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து குடியேற்ற விதிகளில் மருத்துவச் செலவைக் காட்டி விசா மறுக்க இடமுண்டு. அலுவலகத்தில் பதவி உயர்வு நேரத்தில் பேச்சு எழலாம். இவற்றை நான் சின்னது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரிந்துகொள்வது, சான்றிதழ் வாங்குவது, வெளியே சொல்வது மூன்றும் தனித்தனி முடிவுகள். நம் ஆட்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, கடைசியில் இருப்பதற்குப் பயந்து முதலாவதையும் தூக்கி எறிகிறார்கள். மருத்துவ உளவியலாளர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை உங்கள் பீரோவில் இருக்கும். அதை யாரிடம், எப்போது காட்டுவது என்பது உங்கள் விருப்பம். யாரிடமும் காட்டாமலும் இருக்கலாம்.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று; இட ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும். அரசு பயன்படுத்தும் இந்திய அளவுகோலில் நாற்பது கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐ எட்டாவிட்டால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதிய அந்தப் பட்டியலில், முப்பது வருடம் மறைத்துப் பழகிய ஒருவர் 70ஐத் தொடாமல் போகலாம். “பாத்தியா, சர்ட்டிபிகேட்டும் கிடைக்காது” என்று அப்போது ஒரு குரல் வரும். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அந்தக் குரலுக்குப் பதிலாகச் சொல்லலாம்: தேர்வில் எழுத உதவியாள் போன்ற நியாயமான வசதிகளைக் கேட்க 40 சதவீதம் இருந்தாக வேண்டியதில்லை. தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. இருக்கையை வாசல் பக்கமிருந்து மாற்றித் தரச் சொல்வதற்கும், வாய்மொழியாக இல்லாமல் மின்னஞ்சலில் வேலை சொல்லக் கேட்பதற்கும் அறிக்கை ஒரு பிடிமானம்.

எல்லாரும் போய்த்தான் ஆக வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சந்தேகம் வந்து, அதைப் பற்றிப் படித்து, வாழ்க்கையைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டு, அதோடு திருப்தியாக இருப்பவர் இருக்கட்டும். விவாகரத்து வழக்கோ குடியேற்ற விண்ணப்பமோ நடுவில் நிற்பவர் வக்கீலிடம் கேட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் தேறாதவர், வேலை விட்டு வேலை தாவி ஓய்ந்துபோனவர், எனக்கு என்னதான் பிரச்சினை என்று இரவெல்லாம் விழித்துக் கிடப்பவர் தள்ளிப்போடக் கூடாது. அவர்களைத் தடுக்க அவர்களுடைய வயதைக் காரணம் காட்ட எவருக்கும் உரிமை இல்லை.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர்களுக்கு இதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் ஊரில் குறைவு, தேடத்தான் வேண்டும். மனநல மருத்துவரிடமோ, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ கேட்கும்போது, பெரியவர்களுக்கு ஆட்டிசம் மதிப்பீடு செய்த அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அங்கே அவர்கள் கேட்கப்போவது நாற்பது வருடத்துக்கு முந்தைய கதை: எப்போது பேசினான், யாரோடு விளையாடினான், எதற்கு அழுதான், எந்தச் சட்டையைப் போட மறுத்தான். அம்மாவைக் கூட அழைத்துப் போங்கள். போகும் வழியில், ‘அவன் நல்லாத்தான் இருந்தான்’ என்று மானத்துக்குப் பயந்து மறைக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். பரணில் பழைய பள்ளி ரேங்க் கார்டுகள் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். வகுப்பாசிரியர் அன்று எழுதிய ஒரு வரிக் குறிப்பும் மதிப்பீட்டுக்கு ஆதாரம்.